சூக்கியை யாருக்குக் கட்டிக்கொடுப்பது? ஒரு கடைசி நாவலும் அதன் வாசகர்களும்

இந்த எபிசோட்ல ஒரு சண்டையைப் பற்றிப் பேசப் போறேன். 2013 மே மாதம் அமெரிக்காவில் நடந்த சண்டை. நிலத்துக்காகவோ ஓட்டுக்காகவோ இல்லை. லூசியானா மாநிலத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத பான் டாம் என்கிற ஒரு சின்ன ஊரில், ஒரு பாரில் பரிமாறுகிற வேலை பார்க்கும் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் என்ற பெண் கடைசியில் யாரோடு சேர வேண்டும் என்பதற்காக நடந்த சண்டை. அந்தப் பெண் கற்பனை. சண்டை போட்ட ஆட்கள் நிஜம். அவளை எழுதிய எழுத்தாளருக்கு வந்த மிரட்டல்களும் நிஜம்.

முன்னாடியே ஒரு எச்சரிக்கை. பதின்மூன்று நாவல்களின் முடிவையும் இதில் போட்டு உடைக்கப் போறேன். படிக்கணும்னு வச்சிருக்கிறவங்க இங்கேயே நிறுத்திட்டு, படிச்சிட்டு வாங்க. முடிவு தெரியாமல் இந்தச் சண்டையைப் பேசவே முடியாது.

எழுத்தாளர் பெயர் சார்லைன் ஹாரிஸ். 1951இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். சூக்கிக்கு முன்னாடி இருபது வருஷம் துப்பறியும் கதைகள் எழுதியவர். அரோரா டீகார்டன் என்கிற நூலகரை வைத்து ஒரு தொடர், லில்லி பார்ட் என்கிற வீட்டுவேலைக்காரப் பெண்ணை வைத்து இன்னொரு தொடர். இரண்டுக்கும் வாசகர்கள் இருந்தார்கள். ஆனால் பெரிய விற்பனை இல்லை. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. இவர் துப்பறியும் கதைக்காரர். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

முதல் நாவல் 'டெட் அன்டில் டார்க்' 2001இல் வந்தது. அதற்கு முன் பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. எந்த அலமாரியில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொலை இருக்கு, ஆகவே துப்பறியும் கதை. வேம்பயர் இருக்கு, ஆகவே திகில் கதை. காதல் இருக்கு, ஆகவே ரொமான்ஸ். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பும் வருது. கடைசியில் எய்ஸ் என்ற பதிப்பகம் எடுத்தது. முதல் பதிப்பே மலிவுவிலைப் பதிப்புதான். அந்த நாவல் துப்பறியும் கதைகளுக்கான ஆன்டனி விருதை வாங்கியது.

வேம்பயர் என்பதற்கு ரத்தக் காட்டேரி என்று சொல்லலாம்தான். ஆனால் நம்ம பக்கம் காட்டேரி சில குடும்பங்களுக்குக் குலதெய்வம். ஆடு வெட்டிப் படையல் போடுறோம். ஷ்ரீவ்போர்ட்டில் பார் நடத்துகிற வைக்கிங் ஆசாமியை அந்தப் பேரால் கூப்பிட எனக்கு மனசு வரலை. வேம்பயர்னே வச்சுக்குவோம்.

இந்த வகைக் கதைக்கு அங்கே அர்பன் ஃபேன்டஸி என்று பெயர். நகரம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கரண்ட் பில், வீட்டு வரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் இருக்கிற இன்றைய உலகத்தில் மாயமும் சேர்ந்து நடமாடினால் அது அர்பன் ஃபேன்டஸி. 1987இல் எம்மா புல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்' மினியாபொலிஸ் நகரத்துத் தெருக்களில் தேவதைகளைச் சண்டை போட விட்டது. 1993இல் லாரல் கே. ஹாமில்டன், அனிதா பிளேக்கை செயின்ட் லூயிஸ் நகரத்தில் இறக்கினார். 1997இல் டிவியில் 'பஃபி' வந்தது. 2000இல் ஜிம் புட்சரின் சிகாகோ மந்திரவாதி ஹாரி டிரெஸ்டன் வந்தான். ஹாரிஸ் செய்தது, நகரத்தை எடுத்துவிட்டு ஒரு பட்டிக்காட்டை வைத்தது. எனக்கு அதுதான் அந்தத் தொடரில் பிடித்த விஷயம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், திங்கட்கிழமை வம்பு.

கதையின் அடிப்படை இது. ஜப்பானில் செயற்கை ரத்தம் கண்டுபிடிச்சுட்டாங்க. பாட்டிலில் கிடைக்கும். ஆகவே வேம்பயர்கள், மனுஷ ரத்தம் இனிமேல் எங்களுக்கு வேண்டாம், நாங்களும் குடிமக்கள்தான் என்று வெளியே வந்துவிட்டார்கள். சூக்கிக்கு மற்றவர்கள் மனசில் நினைப்பது காதில் விழும். கேட்க ஜாலியாக இருக்கும்; அவளுக்கு அது சாபம். காதலனோடு உட்கார்ந்தால் அவன் மனசு பேசும் பேச்சு முழுக்கக் கேட்கும். பிறகு எங்கே காதல்? அப்போது பாருக்கு பில் காம்ப்டன் வருகிறான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டு, அதன் பிறகு வேம்பயர் ஆனவன். அவன் மனசு அவளுக்குக் கேட்பதில்லை. நிசப்தம். ஒரு பெண் ஒருவனைக் காதலிக்க, அவன் பக்கத்தில் அமைதியாக இருக்கிறது என்பதைவிட நல்ல காரணம் நான் எந்த வேம்பயர் கதையிலும் படிச்சதில்லை.

பாரின் முதலாளி சாம் மெர்லாட். மனுஷன்தான், ஆனால் வேண்டும்போது மிருகமாக மாறக்கூடியவன். பெரும்பாலும் ஒரு காலி நாயாக. சாம் முதல் நாவலிலேயே இருக்கிறான். அவளை விரும்புகிறான் என்பதும் அப்போதே தெரியும். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மூன்றாவது ஆள் எரிக் நார்த்மன். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் வயசான வைக்கிங். ஃபேங்டேசியா என்கிற பாரின் முதலாளி, அந்த வட்டார வேம்பயர்களுக்கு நாட்டாமை மாதிரி. முதல் மூன்று நாவல்களில் ஓரமாக நின்று நக்கல் அடிக்கிற வில்லன் ரகம். 2004இல் வந்த நாலாவது நாவல் 'டெட் டு தி வேர்ல்ட்' எல்லாத்தையும் மாத்திடுச்சு. புத்தாண்டு இரவு வேலை முடிந்து சூக்கி காரில் வீட்டுக்குப் போகிறாள். ரோட்டில் ஒருத்தன் சட்டையில்லாமல், செருப்பில்லாமல் ஓடுகிறான். நிறுத்திப் பார்த்தால் எரிக். சூனியக்காரர்கள் சாபத்தில் தன் பெயர்கூட அவனுக்கு ஞாபகமில்லை. அவளுடைய வீட்டிலேயே ஒளித்து வைக்கிறாள். அவளுடைய அண்ணன் ஜேசன் அதற்கும் ஒரு தொகை பேசி வாங்குகிறான். திமிர் எல்லாம் போன எரிக், பயந்த குழந்தை மாதிரியும் நல்ல புருஷன் மாதிரியும் சில நாள் அங்கே இருக்கிறான். நாவல் முடியும்போது ஞாபகம் திரும்புகிறது; ஆனால் அந்தச் சில நாட்கள் மட்டும் அழிந்துபோகின்றன. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, அவனுக்கு ஒன்றுமே இல்லை.

அந்த ஒரு நாவலில்தான் வாசகர் கூட்டத்தில் பெரிய பகுதி எரிக் கட்சிக்குப் போனது. போனவர்கள் திரும்பவே இல்லை. அவன் செய்த சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். சூக்கி வீட்டுக்குப் போகிற குண்டும் குழியுமான பாதைக்குச் சரளைக்கல் கொட்டித் தந்தான். வைரம் வாங்கித் தருகிறவன் யாரும் வாங்கித் தருவான், ரோடு போட்டுத் தருகிறவன் எத்தனை பேர்?

பில் கட்சிக்கு மூன்றாவது நாவலிலும் ஆறாவது நாவலிலும் அடி விழுந்தது. மூன்றாவதில், பட்டினியில் புத்தி பேதலித்த நிலையில் அவன் அவளிடம் நடந்துகொண்ட வன்முறை. ஆறாவதில், அவன் முதல் நாளே தற்செயலாக வரவில்லை, லூசியானாவின் வேம்பயர் ராணி அவளை வேவு பார்க்க அனுப்பித்தான் வந்தான் என்பது தெரிகிறது. அந்த நிசப்தத்துக்குப் பின்னால் ஒரு உத்தரவு இருந்திருக்கு. 2002இல் பில்லுக்காக உருகிய வாசகர் 2006இல் என்ன செய்வார் சொல்லுங்க.

2008 செப்டம்பரில் எச்.பி.ஓ. சேனலில் ஆலன் பால் 'ட்ரூ பிளட்' என்ற பெயரில் இதைத் தொடராக்கினார். அதன் பிறகு விற்பனை எங்கேயோ போய்விட்டது. பழைய நாவல்கள் கூட்டமாக நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறின. டிவி பார்த்துவிட்டு வந்த புது வாசகர்கள் வேறு ரகம். அவர்களுக்கு எரிக் என்றால் அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்ட் முகம்தான். அந்த முகத்துக்கு எதிராக ஒரு காலி நாய் என்ன செய்ய முடியும்?

இங்கே கொஞ்சம் பின்னால் போகணும். தொடர்கதை வாசகர்கள் எழுத்தாளர் மேல் கோபப்படுவது புதுசு இல்லை. 1893 டிசம்பரில் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளியபோது லண்டனில் வாசகர்கள் கடுப்பானார்கள், பத்திரிகை சந்தாவை ரத்து செய்தார்கள். அவர்கள் கோபம் கடிதமாகப் போச்சு. ஒரு கடிதத்தை எழுத்தாளர் மட்டும்தான் படிப்பார். 1995இல் அமேசான் கடை தன் புத்தகங்களுக்குக் கீழே வாங்கியவர்களே கருத்து எழுதலாம் என்று இடம் கொடுத்தது. அங்கிருந்துதான் கதை மாறுது. ஏனென்றால் இப்போது கோபத்தை மற்ற வாசகர்களும் படிக்கிறார்கள், எழுத்தாளரும் படிக்கிறார், வாங்கலாமா என்று யோசிக்கிற ஆளும் படிக்கிறார்.

இதில் முதல் பெரிய மோதல் ஆன் ரைஸுடையது. 1976இல் 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' எழுதி, வேம்பயரைப் பேச வைத்தவர். 2003இல் 'பிளட் கேன்டிகல்' என்ற நாவலோடு லெஸ்டாட் கதையை முடிக்கிறேன் என்றார். அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் கணவர், கவிஞர் ஸ்டான் ரைஸ் இறந்திருந்தார். நாவல் வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. லெஸ்டாட் பேசுகிற மாதிரியே இல்லை, எடிட்டர் யாரும் பார்க்கவில்லையா என்று அமேசானில் எழுதினார்கள். 2004 செப்டம்பரில் ரைஸ் அதே இடத்தில், அதே வாசகர் கருத்துப் பெட்டியில், பத்தி பிரிக்காமல் நீளமாக ஒரு பதில் எழுதினார். நீங்கள் தவறான கோணத்தில் இருந்து படிக்கிறீர்கள், என் எழுத்தில் எடிட்டர் கை வைக்க நான் விடுவதில்லை, பிடிக்காதவர்கள் புத்தகத்தை எனக்கு அனுப்புங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று நியூ ஆர்லியன்ஸ் வீட்டு முகவரியையும் கொடுத்தார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. கணவனைப் பறிகொடுத்த துக்கத்தில் எழுதிய புத்தகத்துக்கு நட்சத்திரம் போட்டு மதிப்பெண் தருகிறார்கள் என்று ஒரு அறுபது வயசுப் பெண் தாங்கமுடியாமல் எழுதியது அது. ஆனால் வாசகர்கள் சொன்னதும் பொய் இல்லை. அந்த நாவலுக்கு ஒரு எடிட்டர் தேவைப்பட்டது.

இரண்டாவது, ஹாமில்டன். அனிதா பிளேக் முதல் ஒன்பது நாவல்களில் பிணங்களை எழுப்புகிற, கொலைகளைத் துப்பறிகிற, கையில் துப்பாக்கி வைத்திருக்கிற பெண். 2001இல் பத்தாவது நாவலான 'நார்சிசஸ் இன் செயின்ஸ்' வந்தபோது அவளுக்கு உடல் பசி என்கிற ஒரு சக்தி வந்து சேர்கிறது. அதன் பிறகு கொலை பின்னுக்குப் போய், படுக்கையறை முன்னுக்கு வந்தது. பழைய வாசகர்கள், நாங்கள் வாங்கிய தொடர் இது இல்லை என்றார்கள். ஹாமில்டன் 2006இல் எதிர்மறை வாசகர்களுக்கு என்று ஒரு திறந்த மடலே எழுதினார். சாரம் என்னவென்றால், பிடிக்காத புத்தகத்தை ஏன் இழுத்துப் பிடித்துப் படிக்கிறீர்கள், உலகத்தில் வேறு புத்தகம் இல்லையா என்பது. நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனால் ஒன்பது புத்தகம் ஒரு பெண்ணோடு பழகியவரிடம் இதைச் சொல்வது, உங்க அக்கா இப்போ சரியில்லைன்னா வேற அக்காவைப் பார்த்துக்கோன்னு சொல்ற மாதிரி.

இப்போ 2013க்கு வருவோம்.

பதின்மூன்றாவது நாவலோடு முடிக்கிறேன் என்று ஹாரிஸ் முன்கூட்டியே அறிவித்திருந்தார். முந்தைய நாவல் 'டெட்லாக்ட்' 2012இல் வந்திருந்தது. அதிலேயே குறிப்பு இருந்தது. சூக்கியிடம் க்ளூவியல் டோர் என்கிற தேவலோகப் பொருள் ஒன்று வந்து சேர்கிறது. ஒரே ஒரு ஆசையை நிறைவேற்றும், அதுவும் அன்பு வைத்த ஒருவருக்காகக் கேட்டால். எரிக்கை உருவாக்கிய ஆதி வேம்பயர், சாகும் முன் அவனை ஓக்லஹோமா ராணி ஃப்ரெய்டாவுக்குக் கட்டிக்கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டான். சூக்கி அந்தப் பொருளைக் கொண்டு தன்னை மீட்பாள் என்று எரிக் காத்திருக்கிறான். அவளோ கண்ணெதிரே சாம் கொல்லப்பட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் சாமின் உயிரைத் திரும்பக் கேட்டுவிடுகிறாள். ஒரு வருஷம் வாசகர்கள் அந்த நொடியை வைத்து வாதாடினார்கள். அது காதலா, நட்பா, வெறும் பதட்டமா?

கடைசி நாவல் 'டெட் எவர் ஆஃப்டர்' 2013 மே 7 அன்று வெளிவருவதாக இருந்தது. அதற்கு முன்பே ஜெர்மனியில் ஒரு பிரதி வெளியே வந்து, முடிவு என்ன என்பது உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எரிக் விவாகரத்து செய்துவிட்டு ஓக்லஹோமா போகிறான். சூக்கி சாமோடு சேர்கிறாள். கல்யாணம்கூட இல்லை, சேர்ந்து இருந்து பார்ப்போம் என்கிற அளவில் முடிகிறது.

முன்பதிவை ரத்து செய்கிறோம் என்றார்கள். புத்தகம் வந்ததும் அமேசானில் ஒற்றை நட்சத்திரங்கள் மலையாகக் குவிந்தன. ஹாரிஸுக்கு வசவும் மிரட்டலும் வந்தன. செய்தித்தாள்கள் அதைச் செய்தியாகவே எழுதின. வழக்கமாகப் புத்தகம் வந்தால் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர் அந்த முறை சுற்றுப்பயணம் போகவில்லை. பன்னிரண்டு வருஷம் வாசகர்களைச் சந்தித்த ஒருவர், கடைசிப் புத்தகத்துக்கு வாசகர்களைச் சந்திக்க முடியாமல் போச்சு. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்க நியாயம் கிடையாது. ஒரு கதை முடிவுக்காக ஒரு மனுஷியை மிரட்டினது அசிங்கம்.

ஆனால் மிரட்டியவர்கள் கொஞ்சம் பேர். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் வெறும் கருத்துதான் சொன்னார்கள். அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்து, பைத்தியக்கார ரசிகைகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அப்போது பல பத்திரிகைகளுக்கு வசதியாக இருந்தது. பெண்கள் படிக்கிற புத்தகம், பெண்கள் போடுற சண்டை, அதனால எகத்தாளம். நான் அந்தக் கருத்துகளை உட்கார்ந்து நிறையப் படிச்சேன். அவற்றில் நல்ல விமர்சனம் இருக்கு.

உதாரணமாக, கதை சொல்லும் குரல் பற்றிய புகார். முதல் பன்னிரண்டு நாவல்களும் சூக்கியே நான், நான் என்று சொல்வது. கடைசி நாவல் மட்டும் திடீரென்று சில காட்சிகளை வெளியே இருந்து சொல்கிறது. அவளுக்கு எதிராக எங்கேயோ சதி பண்ணுகிறார்கள் என்று நமக்கு முன்கூட்டியே காட்டுகிறது. எத்தனை வருஷம் அவள் மண்டைக்குள்ளேயே இருந்துவிட்டு, கடைசியில் வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்று வாசகர்கள் குறைப்பட்டது சரியான குறை. அதேபோல், பழைய பாத்திரங்கள் எல்லாம் வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். கல்யாண வரவேற்பில் போட்டோ எடுக்க மேடை ஏறுகிற கூட்டம் மாதிரி. அதுவும் சரி.

பெரிய குற்றச்சாட்டு எரிக் பற்றியது. எரிக்கை விட்டது தப்பில்லை, அவனை விடுவதற்காக அவனைச் சின்னவன் ஆக்கிவிட்டார்கள், ஆயிரம் வருஷத் தந்திரசாலி ஒரு ஒப்பந்தத்தில் இருந்து தப்பிக்க வழி தெரியாமல் முழிக்கிறான், கடைசியில் வந்து அற்பமாகப் பேசுகிறான், இது எங்கள் எரிக் இல்லை என்றார்கள். இதற்குப் பதில் சொன்ன எதிர்க்கட்சி வாசகர்களும் இருந்தார்கள். அவர்கள் எடுத்துவைத்த சாட்சிகள் கனமானவை. அவளுக்குத் தெரியாமலே ஒரு கத்தியைக் கையில் கொடுத்து, வேம்பயர் முறைப்படி கல்யாணம் முடித்துவிட்டவன் எரிக். அவன் ரத்தம் அவள் உடம்பில் ஏறியதால் அவனுடைய சந்தோஷம் அவளுடைய சந்தோஷமாகத் தெரிந்தது; பதினோராவது நாவலில் மந்திரத்தால் அந்தப் பந்தத்தை அறுத்ததும் பிரியம் எவ்வளவு மிச்சம் என்று அவளுக்கே குழப்பம். அவன் எப்போதும் அதிகாரத்தைக் கணக்குப் போடுகிற ஆள்தான், ஞாபகம் போன அந்தச் சில நாட்களைத் தவிர. நீங்கள் காதலித்தது ஞாபகம் போன எரிக்கை என்று அவர்கள் சொன்னது, எனக்குப் படுவதில், இந்தத் தொடரைப் பற்றி யாரும் சொன்ன மிகக் கூர்மையான வாக்கியம்.

சாம் விஷயம் இன்னும் சுவாரசியம். திடீர்னு எங்கிருந்து வந்தான் இவன் என்று பாதிப் பேர். முதல் நாவலில் இருந்தே இருக்கானே என்று மீதிப் பேர். இரண்டு பேரும் அதே பதின்மூன்று புத்தகத்தைத்தான் படிச்சிருக்காங்க. நான் தொடரை முதலில் இருந்து கடைசி வரை ஒரே மூச்சில், இரண்டு மாசத்தில் படிச்சேன். அப்படிப் படித்தால் சாம் எல்லா இடத்திலும் தெரிகிறான். கொல்லைப்புறத்தில் எப்போதும் எரிகிற விளக்கு மாதிரி. ஆனால் 2001இல் தொடங்கி வருஷத்துக்கு ஒரு புத்தகம் என்று படித்தவரின் அனுபவம் அது இல்லை. புத்தகம் மூன்று நாளில் முடிந்துவிடும். மீதி முன்னூற்றுச் சொச்சம் நாள் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் யாரைப் பற்றிப் பேசினார்கள்? எரிக்கைப் பற்றி. அவர்களுடைய சூக்கி கதையில் முக்கால்வாசி, புத்தகத்துக்கு வெளியே, சக வாசகர்களோடு பேசிப் பேசி உருவானது. அதை ஹாரிஸ் எழுதவில்லை. அவரால் அதை முடித்துவைக்கவும் முடியாது.

நான் முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்ன விஷயத்துக்கு வர்றேன். துப்பறியும் கதையில் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு. துப்பு எல்லாம் கண்முன்னால் கிடக்கும், நீங்கள் கவனிக்க மாட்டீர்கள், கடைசியில் நான் காட்டும்போது அட என்பீர்கள். பளபளப்பாக நடமாடுகிறவன் குற்றவாளி இல்லை. ஓரமாகத் தட்டு கழுவிக்கொண்டிருப்பவன்தான் ஆள். ஹாரிஸ் சாமை வைத்தது அந்த முறைப்படிதான். யாரோடு சேர்வாள் என்பதை வெகுகாலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரொமான்ஸ் கதையின் ஒப்பந்தம் நேர் எதிர். யாரோடு சேர்வாள் என்பது புதிர் இல்லை. சீக்கிரமே தெரியும், தெரியணும். எப்படிச் சேர்வார்கள் என்பதுதான் கதை. எந்தக் காதலுக்கு அதிகப் பக்கம், அதிகச் சூடு கொடுத்தீர்களோ அதுதான் ஜெயிக்கணும். அலமாரி எது என்று பதிப்பகங்கள் 2001க்கு முன் குழம்பியது சும்மா இல்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தக் குழப்பம் வெடித்தது. துப்பறியும் கதைக்காரர் ஒரு நல்ல துப்பறியும் முடிவைக் கொடுத்தார். ரொமான்ஸ் வாசகர்களுக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

என் ஓட்டு எதுக்குன்னு கேட்டால், முடிவு சரி, நாவல் சுமார். சூக்கி முதல் நாவலில் இருந்து வெயிலில் காய்வதற்கு ஆசைப்படுகிறவள். வாசலில் நாற்காலி போட்டுப் படுப்பாள். பாட்டி விட்டுப்போன வீடு, தோட்டம், அண்ணன், சர்ச். எப்போதும் கையில் காசு இல்லாதவள், கடைசியில் சாமுக்குப் பணம் கொடுத்து அந்தப் பாரில் பங்குதாரர் ஆகிறாள். பரிமாறுகிற பெண் முதலாளி ஆகிறாள். வேம்பயரோடு போனால் பகல் கிடையாது, பிள்ளை கிடையாது, ஊரும் கிடையாது. அவளுக்கு இந்த முடிவைத் தவிர வேறு முடிவு இல்லை. ஆனால் அதை எழுதிய விதத்தில் ஒரு களைப்பு தெரிகிறது. கொலை வழக்கில் சூக்கியைக் கைது செய்கிறார்கள், ஜாமீனில் வருகிறாள், அந்த வழக்கிலும் சூடு இல்லை. முதல் நாவலில் பாட்டி கொலையான சமையலறையை எழுதிய கை இது என்று நம்பக் கொஞ்சம் கஷ்டம்.

அதே வருஷம் அக்டோபரில் ஹாரிஸ் 'ஆஃப்டர் டெட்' என்று ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தார். ஒவ்வொரு பாத்திரமும் பின்னால் என்ன ஆனார்கள் என்று அகரவரிசையில் ஒரு பட்டியல். கதை இல்லை, டெலிபோன் டைரக்டரி மாதிரி. சூக்கிக்கும் சாமுக்கும் கல்யாணம் ஆகிறது, குழந்தைகள் பிறக்கிறார்கள். வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். அதற்கும் திட்டு விழுந்தது. காசு பறிக்கிறார் என்றார்கள்.

டிவித் தொடர் 2014 ஆகஸ்டில் முடிந்தது. அதில் பில் செத்துப்போகிறான், சூக்கியின் கையாலேயே. எரிக்கும் அவளோடு இல்லை, சாமும் இல்லை. கடைசிக் காட்சியில் சூக்கி நிறைமாசமாக இருக்கிறாள். பக்கத்தில் இருக்கிற கணவனின் முகத்தைக் கடைசி வரை காட்டவே இல்லை. பெயரும் கிடையாது. மூன்று கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து திட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதே 2014இல் ஹாரிஸ் அடுத்த தொடரை ஆரம்பித்தார். 'மிட்நைட், டெக்சாஸ்'. அதுவும் ஒரு குட்டி ஊர், அதிலும் ஒரு வேம்பயர் உண்டு. ஆனால் தனி நாயகி இல்லை, ஊரே பாத்திரம். நான் என்று சொல்லும் குரல் இல்லை. மூன்றே புத்தகம், 2016இல் முடித்துவிட்டார்.

அடுத்த எபிசோட்ல ஹாமில்டனின் அந்த மடலையும் அதற்கு வாசகர்கள் சொன்ன பதில்களையும் தனியா எடுத்துப் பேசலாம்னு இருக்கேன்.